கணவாயின் காற்றும் சட்டத்தின் கணக்கும்

ஆனி, ஆடி மாதங்களில் சித்தூர் வட்டத்தில் வாழ்வோருக்குக் காற்றின் வலிமையை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் ஊடே தென்மேற்குப் பருவக்காற்று புகுகிறது. கொழிஞ்சாம்பாறையின் தென்னந்தோப்புகளையும் எருத்தேன்பதியின் கரிசல் நிலங்களையும் கடந்து, வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் சோதனைச்சாவடிகளைத் தாண்டி, தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அங்கே பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பல்லடம் வட்டாரங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கின்றன. எல்லைக்கு இப்பால் அதே காற்று தென்னை மட்டைகளை முறித்துப் போட்டுவிட்டுப் போகிறது.

கேரளத்தின் மொத்தக் காற்றாலை நிறுவுதிறன் சுமார் 70 மெகாவாட். தமிழ்நாட்டில் அது 11,000 மெகாவாட்டுக்கும் மேல். இந்த ஒப்பீடு முழுவதும் நியாயமானதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுக் கணக்கில் ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் கம்பம் கணவாயும் சேர்ந்திருக்கின்றன. கேரளத்தில் நிலம் குறுகியது, விலை மிகுந்தது, வீடில்லாத வெட்டவெளி அரிது. முயற்சியே இல்லை என்றும் கூற முடியாது. 1995ஆம் ஆண்டிலேயே கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் 225 கிலோவாட் திறனுள்ள ஒன்பது காற்றாலைகளை நிறுவியது. பின்னர் அட்டப்பாடியின் அகளியிலும், இடுக்கி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் ராமக்கல்மேட்டிலும் தனியார் காற்றாலைகள் வந்தன. ஆயினும் 70க்கும் 11,000க்கும் இடையிலான தொலைவை நிலத்தின் விலை ஒன்றைக் கொண்டே விளக்கிவிட இயலாது. வணிகவியல் படித்து வங்கிக் கடன் பிரிவில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், அத்தொலைவின் பெரும்பகுதியை உண்டாக்கியது சட்டப்புத்தகமும் வரிவிதிகளும் என்றே நான் கருதுகிறேன்.

1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அரசின் செயல்விளக்கக் காற்றாலைகள் எழுந்தபோது அவை ஒரு வேடிக்கைப் பொருளாகவே பார்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு இந்தியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மேம்பாட்டு முகமை தொடங்கப்பட்டு, இத்துறைக்கென்றே கடன் வழங்கும் நிறுவனம் ஒன்று கிடைத்தது. 1992இல் மத்திய அரசில் மரபுசாரா எரிசக்திக்குத் தனி அமைச்சகம் பிறந்தது. தமிழ்நாட்டு மின்வாரியம் இரண்டு வசதிகளை அளித்தது. ஆரல்வாய்மொழியில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பிகள் வழியே கோவையிலுள்ள தம் நூற்பாலைக்குக் கொண்டு செல்லலாம் என்பது ஒன்று. காற்று மிகுந்த மாதங்களில் மிஞ்சும் யூனிட்டுகளை வாரியத்திடம் இட்டுவைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இரண்டாவது வசதிக்குப் பெயரே பேங்கிங். எங்கள் தொழிலின் பெயரை மின்துறையினர் கடன் வாங்கிக்கொண்டார்கள். அதற்கு வட்டி கிடைக்காது, கட்டணம்தான் உண்டு.

இவற்றுக்கு மேல் வருமான வரிச் சட்டம் தந்த விரைவுத் தேய்மானச் சலுகை வந்தது. வாசகர்களில் பலர் வணிகர்கள் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒரு கோடி ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வாங்கினால், அதன் மதிப்பை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்மானம் எனக் கழித்து, அந்த அளவுக்கு இலாபத்தைக் குறைத்துக் காட்டலாம். காற்றாலைக்கு மட்டும் தொடக்கத்தில் 100 விழுக்காட்டையும் முதல் ஆண்டிலேயே கழிக்க இடமளிக்கப்பட்டது. பின்னர் அது 80 விழுக்காடாயிற்று. 30 விழுக்காடு வரி கட்டும் ஆலை அதிபருக்கு ஒரு கோடியில் 80 இலட்சத்தைக் கழித்தால், அந்த ஆண்டே 24 இலட்சம் ரூபாய் வரி மிச்சம். கோவையிலும் திருப்பூரிலும் நூலும் பின்னலாடையும் விற்றவர்கள் காற்றாலைக்காரர்கள் ஆனது சுற்றுச்சூழல் பற்றினால் மட்டுமன்று. மின்வெட்டு ஒருபுறம் தள்ளியது, வரிச் சலுகை மறுபுறம் இழுத்தது.

இதில் குறையும் இருந்தது. காற்றாலையை நிறுவியதற்குத்தான் சலுகை. அது எத்தனை யூனிட் உற்பத்தி செய்கிறது என்று எவரும் கேட்கவில்லை. நிதியாண்டு முடியும் முன், மார்ச் மாதத்துக்குள் கம்பம் நட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில், காற்று நன்கு வீசாத இடங்களிலும் இயந்திரங்கள் நின்றன. சில சரியாகப் பராமரிக்கப்படவும் இல்லை. பசுமைக்குடில் வாயுக்களைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கில் பார்த்தால், சுழலாத காற்றாலை ஓர் இரும்புத் தூண்தான். அது ஒரு கிலோ நிலக்கரியைக்கூட மிச்சப்படுத்துவதில்லை.

இக்குறையை அரசு உணராமலில்லை. 2009 டிசம்பரில் உற்பத்தி அடிப்படையிலான ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. மின்தொடருக்குத் தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு. தொகை சிறிதாயினும் இந்தத் துறையின் சட்டங்களில் நான் பெரிதும் மதிக்கும் திருத்தம் இதுவே. ஆனால் 2012இல் நடந்தது வேறு. ஏப்ரல் மாதத்தில் விரைவுத் தேய்மானச் சலுகை நீக்கப்பட்டது, ஊக்கத்தொகைத் திட்டமும் காலாவதியாயிற்று. 2011-12இல் நாடு முழுவதும் சுமார் 3,200 மெகாவாட் காற்றாலைகள் நிறுவப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டில் அது சுமார் 1,700 மெகாவாட்டாகச் சரிந்தது. காற்று பாதியாகக் குறையவில்லை, சட்டத்தின் வரிகள் இரண்டு மாறின, அவ்வளவே. பின்னர் இரண்டும் மீண்டு வந்ததும், தேய்மானம் 2017 ஏப்ரல் முதல் 40 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதும் தனிக்கதை.

20 ஆண்டுகள் உழைக்க வேண்டிய ஓர் இயந்திரத்துக்குக் கடன் தருபவனுக்கு, சலுகை பெரியதா சிறியதா என்பது இரண்டாவது கேள்விதான். அது நிலைத்திருக்குமா என்பதே முதல் கேள்வி. 80 விழுக்காடு தந்து இடையில் பறிப்பதைவிட 40 விழுக்காட்டை அறிவித்து 15 ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருப்பது மேல். கடன் விண்ணப்பத்தில் வருவாய் மதிப்பீடு என்றொரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தை உண்மையில் எழுதுவது வாடிக்கையாளரும் அல்லர், நாங்களும் அல்லோம். சட்டமும் ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுமே எழுதுகின்றன.

அவ்வகையில் இந்தியாவின் அடித்தளச் சட்டம் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம். அதன் 86ஆம் பிரிவு, மின்வாரியங்களும் பகிர்மான நிறுவனங்களும் தாம் வாங்கும் மின்சாரத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வாங்க வேண்டும் என விதிக்கும் அதிகாரத்தை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு அளித்தது. ஒரு பொருளுக்கு வாங்குபவர் உறுதி என்று சட்டமே சொல்லிவிட்டால் உற்பத்தி பெருகும், உற்பத்தி பெருகினால் விலை இறங்கும். தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் தொடங்கிய 2010-11இல் மத்திய ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. 2017 மே மாதம் இராஜஸ்தானின் பட்லா பூங்காவுக்கான ஏலத்தில் அது 2 ரூபாய் 44 காசுக்கு வந்தது. இவ்வீழ்ச்சியில் சீனத் தொழிற்சாலைகளின் பங்கு பெரிது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏலம் என்ற முறையும், வாங்கியே ஆக வேண்டும் என்ற கடமையும் இல்லாதிருந்தால் அந்தத் தகடுகள் இங்கு வந்து இறங்கியிருக்கமாட்டா.

எனினும் அக்கடமை நெடுங்காலம் பல் இல்லாத கடமையாகவே இருந்தது. இலக்கை எட்டாத மாநிலங்களுக்கு ஆணையங்கள் தவணை தந்தன, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தன. இதை மாற்ற வந்ததே 2022ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புத் திருத்தச் சட்டம். 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், தூய ஆற்றலின் குறைந்தபட்சப் பங்கை மத்திய அரசே நிர்ணயிக்கவும், தவறுவோருக்கு அபராதம் விதிக்கவும் வழி செய்தது. அதன்படி வெளியான அறிவிக்கை 2024-25இல் 29.91 விழுக்காடு எனத் தொடங்கி 2029-30இல் 43.33 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்கிறது. அதே திருத்தம்தான் கரிம வரவு வணிகத்துக்கும் சட்ட உரு கொடுத்தது. சிமென்ட், அலுமினியம் போன்ற ஆலைகளுக்கு, ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு வாயுவே வெளியிடலாம் என்ற இலக்குகள் 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டன. இலக்கைவிடக் குறைத்தவர் வரவுச் சீட்டைப் பெற்று விற்கலாம், மீறியவர் வாங்க வேண்டும். கரியமில வாயுவுக்குப் பற்று வரவு எழுதும் காலம் வரும் என்று கல்லூரியில் கணக்குப்பதிவியல் படித்த நாளில் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் ஒரு கணக்கைத் தெளிவாக்க வேண்டும். மின்சாரத்தின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் சாராதது என்ற நிலையை இந்தியா 2025இன் நடுப்பகுதியில் எட்டிவிட்டது. 2030க்கு என உலகுக்குத் தந்த உறுதிமொழி அது. ஐந்தாண்டு முன்னதாகவே நிறைவேறியது பெருமைக்குரியதே. ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் யூனிட்டுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. சூரியத் தகடு இரவில் உறங்குகிறது, காற்றாலை தையிலும் மாசியிலும் ஓய்வெடுக்கிறது. நிறுவுதிறன் என்பது கடன் வரம்பு போன்றது, உற்பத்தி என்பது எடுத்த தொகை போன்றது. வட்டி எடுத்த தொகைக்குத்தான். வளிமண்டலமும் அப்படியே கணக்குப் பார்க்கிறது. இந்திய மின்தொடரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்த எண் இறங்குகிறதா என்பதை வைத்தே சட்டங்களுக்கு மதிப்பெண் இட வேண்டும்.

பிரிட்டன் அவ்வாறு இறக்கிக் காட்டியது. 1882இல் இலண்டனில் நிலக்கரி மின்நிலையம் அமைத்த நாடு அது. 2008இல் காலநிலை மாற்றச் சட்டம் இயற்றி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளியீட்டு வரம்பு நிர்ணயித்தது. 2013 முதல் மின்நிலையங்களின் கரிமத்துக்கு அடிமட்ட விலை வைத்தது. 2024 செப்டம்பர் 30 அன்று அங்குள்ள கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. நாமும் 2010இல் டன்னுக்கு 50 ரூபாய் எனத் தூய ஆற்றல் தீர்வையை நிலக்கரி மீது விதித்தோம். 2016இல் அது 400 ரூபாயாக வளர்ந்தது. ஆனால் வசூலான தொகையில் பாதிகூடத் தூய ஆற்றல் நிதியத்துக்குப் போய்ச் சேரவில்லை. 2017இல் அத்தீர்வை சரக்கு சேவை வரியின் இழப்பீட்டுத் தீர்வையாக உருமாறி, நிதியம் என்ற எண்ணமே மறைந்தது. ஒரு நோக்கத்துக்கெனப் பெற்ற கடனை வேறு நோக்கத்துக்குத் திருப்பினால் நாங்கள் வாடிக்கையாளருக்குக் கடிதம் அனுப்புவோம். அரசுக்குக் கடிதம் அனுப்புவார் யார்?

இனி, சித்தூருக்குத் திரும்புகிறேன். சட்டத்தின் நுண்மை எங்கே கண்கூடாகத் தெரிகிறது என்றால், நம் ஆழ்துளைக் கிணறுகளில்தான்.

சில மாதங்களுக்கு முன் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர் என் மேசைக்கு வந்தார். ஐந்து குதிரைத்திறன் மோட்டார், நான்கு ஏக்கர், பாதி நெல், பாதி தென்னை. சோலார் பம்புக்குக் கடன் பற்றிப் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னாராம். நான் திட்டத்தை விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எனக்கு இப்போ கரண்டுக்குக் காசு போறதில்லை சார். அப்புறம் நான் எதுக்கு உங்ககிட்டக் கடன்படணும்?"

நியாயமான கேள்வி. கேரளத்தில் நெல் விவசாயிகள் உள்ளிட்ட பலரின் பாசன மின்கட்டணத்தை வேளாண் துறை ஏற்றுக்கொள்கிறது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் பாசன மின்சாரம் இலவசமாகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உழவரின் நிலையில் இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விலையில்லாத மின்சாரத்தை மிச்சப்படுத்த எவருக்கும் காரணமில்லை என்பதும், மிச்சமில்லாத இடத்தில் கடன் தவணைக்கு வழியில்லை என்பதும் உண்மை.

2019இல் மத்திய அரசு தொடங்கிய பி.எம்.குசும் திட்டத்தில் இதற்கு விடை இருக்கிறது, விடை எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதே முக்கியம். அதன் இரண்டாம் பிரிவு, மின்இணைப்பு இல்லாத இடங்களில் தனித்து இயங்கும் சூரிய பம்புகளுக்கானது. டீசல் எஞ்சினுக்கு மாற்றாக அது சிறந்தது. ஆனால் அதன் மின்சாரத்தை வேறு எங்கும் விற்க வழியில்லை. சூரியன் எரியும் வரை மோட்டார் ஓடலாம், ஓட்டினால் செலவு எதுவுமில்லை. சித்தூர் ஒன்றியம் நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்பட்ட பகுதி என மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கெடுப்பில் இடம்பெற்ற ஒன்றியம். மழை மறைவுப் பகுதி. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மூலத்தறைக்கு வர வேண்டிய தண்ணீருக்காக ஆண்டுதோறும் இரு மாநிலப் பொறியாளர்களும் பேசிக்கொண்டிருக்கும் பகுதி. 2002இல் பிளாச்சிமடையில் கிணற்று நீருக்காகத் தொடங்கிய போராட்டத்தை உலகமே பார்த்தது. இப்படிப்பட்ட மண்ணில் நிறுத்தக் காரணமில்லாத ஒரு பம்பைப் பொருத்தினால், வானத்தில் கரியமில வாயு குறையும், நிலத்தடியில் நீரும் குறையும்.

மூன்றாம் பிரிவு வேறு வகை. ஏற்கெனவே மின்இணைப்புள்ள மோட்டாரைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றி, மிச்சத்தை மின்தொடருக்கு விற்க அது வழி செய்கிறது. மோட்டாரின் திறனைப் போல் இரண்டு மடங்கு வரை தகடு பொருத்தலாம். ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கு 7.5 கிலோவாட் தகடு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 யூனிட் கிடைக்கும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாக 150 நாள் இறைத்தால் மோட்டாருக்குச் செலவாவது 3,400 யூனிட் அளவில். மீதம் 6,600. யூனிட்டுக்கு 3 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் ஏறக்குறைய 20,000 ரூபாய். மத்திய அரசு 30 விழுக்காடு, மாநில அரசு 30 விழுக்காடு, எஞ்சிய 40இல் வங்கிக் கடன் 30 எனப் பிரித்தால், அத்தொகை தவணையின் பெரும்பகுதியைச் சுமந்துவிடும். ஒரு மணி நேரம் மோட்டாரை நிறுத்தினால் ஏறக்குறைய நான்கு யூனிட் விற்பனைக்குப் போகும். கிணற்றில் விட்டுவைத்த தண்ணீருக்கு முதல் முறையாக ஒரு விலை கிடைக்கிறது.

இது ஏட்டுக்கணக்கு அன்று. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற சிற்றூரில் 2016இல் ஆறு விவசாயிகள் சேர்ந்து சூரிய மின்சாரத்துக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணை அவர்களுக்கு இருந்தது. மிச்ச மின்சாரத்தை யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு என 25 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ள அரசின் பகிர்மான நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. இரண்டு ஆண்டுகளில் குஜராத் அரசு அதே கருத்தை மாநிலத் திட்டமாகவே விரித்தது. நான் அவ்வூருக்குப் போனதில்லை. ஆனால் 25 ஆண்டுகள் என்ற ஒப்பந்தக் காலத்தைப் படித்தபோது ஒரு வங்கியாளனின் மனம் நிம்மதி அடைந்தது. ஏழு ஆண்டுக் கடனுக்கு 25 ஆண்டு வருவாய் உறுதி என்றால், அதை மறுக்க எந்தக் கிளை மேலாளருக்கும் காரணம் இராது.

நம் விவசாயியிடம் இதையெல்லாம் சொன்னேன். விற்கும் மின்சாரத்துக்கு எந்த விலை, எத்தனை ஆண்டு, பணம் எப்போது கைக்கு வரும் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். மிகுதி யூனிட்டுக்கான விலையை ஒழுங்குமுறை ஆணையம் அவ்வப்போது நிர்ணயிக்கும் என்பதே என்னால் தர முடிந்த விடை. குசும் திட்டத்தின் காலமும் 2026 மார்ச் வரை என நீட்டிக்கப்பட்டு வந்த ஒன்று. தென்னைக்கு முப்பது ஆண்டுக் கணக்குப் போட்டு நடுபவரிடம் மார்ச் வரை என்று சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

பணம் எப்போது வரும் என்ற அவருடைய கேள்வி அற்பமானதன்று. காற்றாலை உரிமையாளர்களுக்குப் பல மாநிலப் பகிர்மான நிறுவனங்கள் மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுக்கு மேலும், பாக்கி வைத்த வரலாறு உண்டு. காற்று வீசியது, யூனிட் ஓடியது, பில்லும் போயிற்று, ஆனால் தவணை நாளில் கணக்கில் பணமில்லை. வங்கியின் பேரேட்டில் அது வாராக்கடன். 2022 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த தாமதக் கட்டண மிகைவரி விதிகள், பழைய பாக்கியைத் தவணைகளாகத் தீர்க்கவும், புதிய பாக்கி வைத்தால் சந்தையில் மின்சாரம் வாங்கும் உரிமை குறுகவும் வகை செய்தன. செய்தித்தாள்களில் இவ்விதிகளுக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. என் பார்வையில், இலக்குகளை அறிவிக்கும் பத்து உரைகளைவிட இந்த ஒரு விதி கூடுதல் நிலக்கரியை மிச்சப்படுத்தும்.

வீட்டுக் கூரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அங்கே கணக்கு எளிது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம், மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அந்த அளவு வரை பிணையம் இல்லாமலும் வீட்டுக்கடனைவிடக் குறைந்த வட்டியிலும் கடன் கிடைக்கிறது. மானியம் போக 1,20,000 ரூபாய்க் கடன், 6 விழுக்காடு வட்டி, பத்தாண்டு என்றால் மாதத் தவணை 1,330 ரூபாய் அளவில். மாதம் 300 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீட்டுக்கு மின்கட்டணமே இதைவிட அதிகம். அந்த மூன்று கிலோவாட் ஆண்டுக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் தரும், ஏறத்தாழ 3 டன் கரியமில வாயுவைத் தவிர்க்கும். இந்தியர் ஒருவரின் சராசரி ஆண்டு வெளியீடு 2 டன்னை ஒட்டியது என்பதை நினைத்தால் இது சிறிய எண் அன்று. மாதம் 80 யூனிட் செலவழிக்கும் சிறிய வீட்டுக்கு இத்திட்டம் இலாபம் தராது. அவர்களை இதற்குள் இழுக்க வேண்டாம் என்றே எங்கள் இளம் அலுவலர்களிடம் சொல்லி வருகிறேன்.

ஆனால் கூரைகள் பெருகப் பெருக வேறொரு சிக்கல் முளைத்துள்ளது. பகலில் கொடுத்து இரவில் எடுக்கும் நிகர அளவீட்டு முறையால் மின்வாரியத்துக்குச் சுமை கூடுகிறது என்ற வாதம் கேரளத்தில் எழுந்து, 2025இல் ஒழுங்குமுறை ஆணையத்தின் வரைவு விதிகள் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. இரு தரப்பிலும் உண்மை உண்டு. 2024 மே மாதத்தில் கேரளத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது இரவு நேரத்தில்தான், கூரைத் தகடுகள் அப்போது இருட்டில் கிடந்தன. அந்நேரத்துக்கு வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. ஆனால் கேரளத்திடம் பிற மாநிலங்கள் பொறாமைப்படும் சொத்து ஒன்று இருக்கிறது. மூலமற்றத்தின் 780 மெகாவாட் இயந்திரங்களுக்கு நீர் தரும் இடுக்கி அணை அது. பகலில் கூரைகள் தரும் அளவுக்கு அணையின் நீரை நிறுத்திவைத்து, இரவில் அதைத் திறந்துவிடலாம். காசர்கோட்டின் மயிலாட்டியில் அமையவிருக்கும் மின்கலச் சேமிப்பு நிலையமும் அதே வேலைக்குத்தான். எனவே சட்டம் கூரைக்காரரைத் தண்டிக்காமல், மாலை ஆறு மணிக்கு மேல் தரும் யூனிட்டுக்குக் கூடுதல் விலை வைத்தால் மின்கலம் தானாக வீட்டுக்கு வரும். நேரத்துக்கு ஏற்ற விலை எங்களுக்குப் புதிதன்று. வைப்புத்தொகைக்குக் காலத்துக்கேற்ற வட்டி தருவது அதே கொள்கைதான்.

வங்கிகளின் பங்கையும் சொல்ல வேண்டும். 2015 முதல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கடன்கள் ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைத் துறைப் பட்டியலில் உள்ளன. 2023 ஜூன் முதல் பசுமை வைப்புத்தொகைக்கான விதிமுறைகள் நடைமுறையில் உள்ளன. அதில் இடும் பணம் எந்தப் பணிக்குப் போயிற்று என்று வங்கி கணக்குக் காட்ட வேண்டும். இவ்வளவும் இருந்தும் கிராமக் கிளைகளில் இக்கடன்கள் தயங்கித்தான் நடக்கின்றன. எங்கள் அலுவலர்களில் பலருக்குத் தகட்டின் தரம் பார்க்கத் தெரியாது, பயிர்க்கடனும் நகைக்கடனும் பழகிய பாதை. இது எங்கள் பக்கத்துக் குறை, சட்டத்தின் மேல் பழிபோட முடியாது.

சட்டத்திடம் நான் கேட்பது ஒன்றே. பாசன மின்சார மானியத்துக்கென மாநிலம் இன்று செலவழிக்கும் தொகையில் ஒரு பகுதியை, மூன்றாம் பிரிவில் சேரும் விவசாயியின் மிச்ச யூனிட்டுக்கு உறுதி விலையாக, குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு எழுதித் தர வேண்டும். இலவச மின்சாரத்தைப் பறிக்க வேண்டியதில்லை. ஓட்டாத மோட்டாருக்குப் பணம் தந்தால் போதும். அரசுக்குப் புதிய செலவு அதிகமில்லை, மின்வாரியத்துக்குப் பகல் நேர யூனிட்டும், தூய ஆற்றல் கடமைக்கான கணக்கும் உள்ளூரிலேயே கிடைக்கும்.

அந்த விவசாயி சென்ற வாரம் மீண்டும் வந்தார். தென்னைக்குச் சொட்டுநீர் போட்ட பின் மோட்டார் ஓடும் நேரம் பாதியாகக் குறைந்திருக்கிறதாம். "அப்போ விக்கிறதுக்கு யூனிட் ஜாஸ்தி இருக்குமில்ல சார்?" என்றார். இருக்கும் என்றேன். விண்ணப்பத்தை நிரப்பி, நில வரி இரசீதும் மின்இணைப்பு எண்ணும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். விலை என்ற கட்டத்தை மட்டும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.